டுஷென்: சக்கர நாற்காலியில் ஒரு பக்கம் சாய்கிறான்

சேலம்_அப்பா:
பையனுக்கு 11 வயது, டுஷென் தசைச்சிதைவு. நடை நின்று இரண்டு மாதம். மடக்கு நாற்காலியில் உட்கார்ந்தால் பத்து நிமிஷத்தில் இடப்பக்கம் சரிகிறான். பெல்ட் போட்டால் போதுமா?

பிசியோ_மது:
போதாது சார். ரெக்சின் சீட் தூளி மாதிரி குழியும். இடுப்பெலும்பு ஒரு பக்கம் இறங்க, அதை ஈடுகட்ட முதுகெலும்பு வளையும். 12 மி.மீ. பிளைவுட், மேலே 5 செ.மீ. கெட்டி ஃபோம் போடுங்கள். சீட் அகலம் இடுப்பளவை விட 2 செ.மீ. கூட இருந்தால் போதும். 'வளர்ற பையன்' என்று பெரிதாக வாங்குவதுதான் வழக்கமான தப்பு. முழங்கால் மடிப்புக்கும் சீட் விளிம்புக்கும் நடுவே மூன்று விரல் நுழையணும். பெல்ட் வயிற்றில் அல்ல, தொடை மடிப்பில், சீட்டுக்கு 60 டிகிரி சாய்வில்.

ஸ்பிளிண்ட்_கடை:
பலகை ஏற்றினால் உட்காரும் உயரமும் ஏறும். கால்தாங்கி, கைதாங்கி இரண்டையும் அதே அளவு உயர்த்தாவிட்டால் பாதம் தொங்கும், தோள் இறங்கும்.

சேலம்_அப்பா:
நன்றி. ராத்திரி தூங்கும்போது காலில் போடும் ஸ்பிளிண்ட் (பாதத்தையும் கணுக்காலையும் தாங்கும் கட்டை) எந்தக் கோணத்தில் செய்யணும்?

ஸ்பிளிண்ட்_கடை:
கணுக்கால் 90 டிகிரிக்கு வந்தால் அந்தக் கோணத்தில். வராவிட்டால் வரும் கோணத்திலேயே அச்சு எடுக்கணும். வம்பாக வளைத்தால் குதிகால் உள்ளே மேலேறி, நடுப்பாதம்தான் வளையும். காலையில் கழற்றிப் பாருங்கள்: சிவப்பு 20 நிமிஷத்தில் மறையாத இடத்தில் ஸ்பிளிண்டைத் திருத்தணும்.

பிசியோ_மது:
முதுகெலும்பை 6 மாதத்துக்கு ஒருமுறை காட்டிவிடுங்கள். நடை நின்றபின் வளைவு சீக்கிரம் கூடும்.