திங்கட்கிழமைத் தவணை

ஸ்ரீராமபுரம்வாசி:
அண்ணன் இறந்தபோது உறவினர்கள் சேர்ந்து 20,000 ரூபாயை அண்ணியின் கையில் கொடுத்தோம். பூக்கட்டி விற்கும் குடும்பம். முதல் போட்டு மறுபடி எழுந்துவிடுவார் என்று கணக்குப் போட்டோம். அவரோ எழுந்து முகம்கூடக் கழுவவில்லை. கேட்டவருக்கெல்லாம் எடுத்துக் கொடுத்தார். இரண்டே மாதத்தில் பணம் தீர்ந்தது.

பிறகு இங்கே பெங்களூரில் மனநல ஆலோசகர் ஒருவரிடம் அழைத்துப் போனேன். தமிழ் தெரிந்த பெண், பொறுமைசாலி. மூன்றாம் வாரம் பஸ்ஸில் திரும்பும்போது அண்ணி சொன்னார்: "நல்ல பிள்ளைதான் தம்பி. ஆனால் திங்கட்கிழமை தவணைக்காரர் வாசலில் வந்து உட்காருவாரே, அவருக்கு இவளா பதில் சொல்வாள்?"

குழுக் கடன். ஒருவர் தவறினால் மற்றப் பெண்கள் தலையில் விழும். தெருவே அவரை முறைத்துக்கொண்டிருந்தது.

நிலுவையை நாங்கள் அடைத்தோம், ஆலோசனையை நிறுத்தவில்லை. தினம் ஒரு வேலை செய்து, மனம் எப்படி இருந்தது என்று நோட்டில் குறிக்கச் சொன்னார் அந்தப் பெண். (அண்ணிக்கு எழுத வராது, மகள் எழுதினாள்.) முதல் நாள் வேலை, தலை சீவுவது. ஏழாம் வாரம் விடியற்காலையில் கே.ஆர். மார்க்கெட்டில் உதிரிப்பூவுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தார்.

அல்சூர் வாசகி:
கடனை அடைத்ததே போதுமாக இருந்திருக்கலாமே? கென்யாவில் நடந்த ஆய்வில் பணம் மட்டும் பெற்றவர்களுக்கு மனநலம் கூடியது. ஐந்து வார ஆலோசனை மட்டும் பெற்றவர்களிடம் மாற்றமே தெரியவில்லை. இரண்டும் பெற்றவர்களும் பணம் மட்டும் பெற்றவர்களைத் தாண்டவில்லை.

பழைய ஊழியன்:
லைபீரியத் தலைநகர் மன்ரோவியாவில் வேறு கதை. 999 இளைஞர்களிடம் நடத்திய ஆய்வு அது: எட்டு வார நடத்தைப் பயிற்சி, 200 டாலர். இரண்டையும் பெற்றவர்களிடம் திருட்டும் வன்முறையும் பத்தாண்டுக்குப் பிறகும் குறைவாகவே இருந்தன. ஆனால் அது குற்றம் பற்றியது, துக்கம் பற்றியதல்ல.

ஸ்ரீராமபுரம்வாசி:
அல்சூர் அம்மா, முதல் 20,000 எங்கே போனது என்பதை நான் கண்ணால் பார்த்தேன். மற்றபடி ஒரே ஒரு அண்ணியை வைத்து நான் வாதாட முடியாது. இப்போதைய தலைவலி வேறு. கர்நாடக அரசு குடும்பத் தலைவிகளுக்குத் தரும் கிருகலட்சுமிப் பணம், மாதம் 2,000 ரூபாய், கிடைத்தால் பூ முதலுக்கு ஆகும். அதற்கு இங்கத்திய ரேஷன் கார்டு வேண்டும். அண்ணியின் கார்டோ இன்னும் தமிழ்நாட்டில், தருமபுரியிலேயே இருக்கிறது. அங்கே ஒப்படைத்துவிட்டு இங்கே புதிதாக வாங்கியவர்கள் யாராவது இருந்தால், எத்தனை நாள் ஆனது என்று சொல்லுங்கள்.