பிரைமரி தேர்தலை யார் ஆரம்பித்து வைத்தது?

இட்லிப்பொடி: அமெரிக்காவில் அதிபர் வேட்பாளரைக் கட்சித் தலைமை அறிவிக்காமல் மாநிலம் மாநிலமாக ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்களே, இந்த பிரைமரி முறை முதலிலிருந்தே உண்டா? அவர்கள் அரசியலமைப்பைப் புரட்டினேன், கட்சி என்ற பேச்சே இல்லை.

பழையபேப்பர்: கிடையாது. ஆரம்பத்தில் நாடாளுமன்றத்தில் இருந்த கட்சிக்காரர்களே கூடி ஆளை முடிவு செய்தார்கள். 1824-ல் அது நாறிப்போக, 1830-களில் கட்சி மாநாடு வந்தது. பெயர்தான் மாநாடு, மாநிலப் பெரும்புள்ளிகள் அறைக்குள் பேரம் பேசி முடிப்பதுதான் நடந்தது. இதை உடைக்கத்தான் விஸ்கான்சின் ஆளுநர் லாஃபோலெட் மாதிரி ஆட்கள் கிளம்பினார்கள். வேட்பாளரை முடிவு செய்யும் மாநாட்டுப் பிரதிநிதிகளை வாக்காளர்களே தேர்ந்தெடுக்கலாம் என்று 1905-ல் அங்கே சட்டம், 1910-ல் ஓரிகன், 1912-க்குள் ஒரு டஜன் மாநிலம்.

இட்லிப்பொடி: அப்போ 1912-லிருந்து மக்கள் தீர்ப்புதானா?

பழையபேப்பர்: அங்கேதான் கூத்து. அதிபர் பதவியில் இருந்த குடியரசுக் கட்சி டாஃப்டை எதிர்த்து அதே கட்சியின் முன்னாள் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் இறங்கி, பிரைமரி நடந்த பெரும்பாலான மாநிலங்களில் ஜெயித்தார், டாஃப்டின் சொந்த மாநிலமான ஒஹையோ உட்பட. சிகாகோ மாநாட்டில் 254 பிரதிநிதி இடங்கள் தகராறில் இருந்தன. கட்சிக் கமிட்டி டாஃப்டுக்கு 235, ரூஸ்வெல்ட்டுக்கு 19 என்று பிரித்துக் கொடுத்தது. வேட்பாளர் டாஃப்ட். கோபத்தில் ரூஸ்வெல்ட் தனிக்கட்சி கண்டார், ஓட்டுப் பிரிந்து ஜனநாயகக் கட்சியின் வில்சன் ஜெயித்துவிட்டார்.

மொட்டைமாடி: அதன்பிறகும் பல வருடம் பிரைமரி ஒப்புக்குத்தான். 1968-ல் துணை அதிபர் ஹம்ஃப்ரி ஒரு பிரைமரியில்கூட நிற்காமல் ஜனநாயகக் கட்சி வேட்பாளர் ஆனார்! மாநாட்டுக்கு வெளியே சிகாகோ தெருவில் வியட்நாம் போரை எதிர்த்தவர்களுக்கு போலீஸ் அடி. அந்த அவமானத்தில்தான் செனட்டர் மெக்கவர்ன் தலைமையில் கமிட்டி போட்டு விதியை மாற்றினார்கள். பிரைமரி நடத்து என்று கமிட்டி சொல்லவே இல்லை, பிரதிநிதித் தேர்வு எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும் என்றது, அதற்குச் சுலபமான வழி பிரைமரி என்று மாநிலங்கள் அதைப் பிடித்துக்கொண்டன. 1972-ல் அதே மெக்கவர்ன் வேட்பாளராகி 49 மாநிலங்களில் தோற்றது தனிக்கதை :)

இட்லிப்பொடி: சரி, நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் மட்டும் ஏன் பிரைமரி முதல்ல?

மொட்டைமாடி: சிக்கனம்தான் காரணம். மார்ச்சில் ஊர்க்கூட்டம் எப்படியும் நடக்கும், அதே நாளில் இதையும் முடித்தால் செலவு மிச்சம். மற்ற மாநிலங்கள் ஒதுங்கியதில் 1920-ல் முதலிடம் கிடைத்தது, பிறகு வேறு எந்த மாநிலத்துக்கும் முன்பே தங்கள் பிரைமரி நடக்க வேண்டும் என்று சட்டமே போட்டுக்கொண்டார்கள்.