மறு: மறு: 'சேசிஸ்' — தமிழில் என்ன சொல்லலாம்?

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

அடுத்த மாதம் ராமேசுவரத்துக்குப் பக்கத்திலுள்ள எங்கள் மண்டபம் ஊரில் கல்லூரிப் பிள்ளைகளும் கடல்பாசி எடுக்கும் பெண்களும் ஒரு செயற்கை உயிரியல் அறிஞரோடு இணையவழியில் பேசப் போகிறார்கள். கேள்விகளைத் தமிழில் எழுதித் தரும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. துறையின் பெயரிலுள்ள 'சிந்தெட்டிக்' என்பதற்குச் 'செயற்கை'யா 'தொகுப்பு'வா என்ற பழைய சண்டையை மறுபடி கிளப்ப வேண்டாம், கையெடுத்துக் கும்பிடுகிறேன். இப்போது இடிப்பது, வண்டியின் அடிச்சட்டத்துக்கான ஆங்கிலச் சொல்லான 'சேசிஸ்'.

புதிதாக எழுதிய மரபணுக்களை ஏற்றி வேலை வாங்க எடுத்துக்கொள்ளும் செல்லுக்கு அந்தத் துறையில் சேசிஸ் என்று பெயர். ஆற்றல், புரதம் செய்யும் ரைபோசோம், உறை எல்லாம் அந்தச் செல்லுடையவை. வேலைத்திட்டம் மட்டும் நம்முடையது. 2006இல் ஜே கீஸ்லிங் குழு, மலேரியா மருந்தான ஆர்ட்டெமிசினினுக்கு முந்தைய அமிலத்தை ஈஸ்ட்டில் உண்டாக்கியதே, அங்கே ஈஸ்ட்தான் சேசிஸ்.

'ஓம்புயிர்' இருக்கிறதே என்று சென்ற மடலில் ஒருவர் கேட்டிருந்தார். பள்ளிப் புத்தகத்தில் அது ஒட்டுண்ணிக்கு இடம் கொடுத்து மாட்டிக்கொள்ளும் உயிர். இங்கே கதை வேறு. ஆள் தேடிப் பிடித்து, வேண்டாததை வெட்டி, அதன்மேல் கட்டுகிறார்கள். 'தாங்குயிர்' என்ற சொல்லும் எனக்குப் பிடித்தது. ஆனால் மரபணுவைச் சுமந்து போகும் 'தாங்கிக் கடத்தி'யோடு அது குழம்பும்.

என் முன்மொழிவு: ஏராவுயிர். வள்ளம் கட்டும்போது முதலில் கிடத்தும் அடிக்கட்டைதான் ஏரா. வங்கும் (விலாக்கட்டை) பலகையும் அதற்குப் பிறகு. எந்த மரம், எவ்வளவு நீளம் என்பதைப் படகு கட்டும் ஓடாவி முதலிலேயே முடிவு செய்துவிடுவார். மேலே கட்டுவது அதற்கு அடங்கித்தான் வர வேண்டும். ஈஸ்ட்டில் ஓடும் மரபணுச் சுற்று (சேர்ந்து வேலை செய்யும்படி கோத்த மரபணுக்கள்) பாக்டீரியாவில் அப்படியே ஓடாது என்பதும் இதே சங்கதிதான்.

இந்தச் சொல்லை வைத்து எழுதிய கேள்விகள் இரண்டு.

பிள்ளைகளுடையது: "2016இல் கிரெய்க் வென்டர் குழு 473 மரபணுக்களோடு ஒரு ஏராவுயிரை உருவாக்கியது. அதில் 149 மரபணுக்களின் வேலை என்னவென்று அப்போது தெரியவில்லை. எடுத்தால் செல் பிழைக்காது, அல்லது சரியாக வளராது; ஏன் என்றும் தெரியாது. இன்று அதில் எத்தனைக்கு விடை கிடைத்திருக்கிறது?"

இரண்டாவது, பாசி எடுக்கும் ஓர் அக்கா கேட்டது. பெப்சி பாசியைத் தெரியாதவர்களுக்காக: வெளியிலிருந்து கொண்டுவந்து இங்கே மிதவையில் வளர்க்கும் கப்பாஃபைகஸுக்கு ஊர் வைத்த பெயர். கம்பெனி பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது, கலைச்சொல் குழு எதையும் கேட்காமலே. அது மண்டபத்துக்குப் பக்கத்திலுள்ள குருசடைத் தீவுப் பவளத்தின்மேல் படர்ந்ததை 2008இல் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். அக்காவின் கேள்வி: "கயித்த விட்டுப் போன பாசியையே எங்களால திருப்பிக் கொண்டுவர முடியல. கண்ணுக்கே தெரியாத உங்க ஏராவுயிர் வெளிய போனா எப்படிப் பிடிப்பீங்க?" இதில் ஒரு எழுத்தையும் நான் திருத்தப் போவதில்லை.

அகார் (ஆய்வகத்தில் நுண்ணுயிர் வளர்க்க உதவும் கடல்பாசிக் கூழ்) பற்றிய கேள்வியை எடுத்துவிட்டேன். ஃபேன்னி ஹெஸ்ஸே சொல்லி 1880களில் நுண்ணுயிரியலாளர் ராபர்ட் கோக்கின் ஆய்வகத்துக்குள் அகார் போனதும், இங்கே எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசியிலிருந்து அகார் எடுப்பதும் நல்ல சேதிதான். ஆனால் அதில் கேட்க ஒன்றுமில்லை, நம் பெருமை மட்டும்தான் இருக்கிறது.

— மண்டபத்திலிருந்து

ஐயா, மதுரைக்கு மேற்கே ஏரா என்றால் யாருக்குத் தெரியும்? லாரிப் பட்டறையில் 'சேசிஸ்' என்றே புழங்குகிறது, அதையே வைத்துக்கொள்ளலாமே. இன்னொன்று: ஏரா தன்னைத்தானே இரண்டாக்கிக்கொள்ளாது. சில பாக்டீரியா செல்கள் இருபது நிமிடத்திலேயே இரண்டாகும்.

— தேனியிலிருந்து

தம்பி, அந்த இரண்டாவது குறை சரியானது. அதற்காகத்தான் வெறும் 'ஏரா' என்று விடாமல் 'உயிர்' சேர்த்தேன். முதலாவதுக்கு: கேட்கப் போகிறவர்கள் கடற்கரைக்காரர்கள். இந்த உரையாடலுக்கு ஏராவுயிர் இருக்கட்டும், முதல் முறை வரும் இடத்தில் 'சேசிஸ்' என்றும் பக்கத்தில் எழுதிவிடுகிறேன். அகராதியில் ஏற்றுவதைப் பிறகு பேசலாம். வேறு மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். திங்களன்று கேள்விகளை மொழிபெயர்ப்பாளருக்கு அனுப்ப வேண்டும்.

— மண்டபத்திலிருந்து