இரவல் வாங்கிய ட்ரில் மெஷின் பாதியில் நின்றுபோனால் காசு யார் தருவது?

கேள்வி:
பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய ட்ரில் மெஷின், செங்கல் சுவரில் நாலாவது ஓட்டை போடும்போது தீப்பொறி தெறித்து நின்றுவிட்டது. 10 மி.மீ. சக் (துளைக்கும் பிட்டைப் பிடிக்கும் வாய்), ஹேமர் (தட்டித் தட்டித் துளைக்கும் வசதி) கிடையாது, ஆறு வருடம் ஓடியது. புதுசு வாங்கித் தர வேண்டுமா, ரிப்பேர் செலவு மட்டும் போதுமா?

பதில் 1:
காசுப் பேச்சை எடுக்கும் முன், எது போயிருக்கிறது என்று பாருங்கள். பிளக்கைக் கழற்றிவிட்டு, மோட்டாரின் இரு பக்கமும் உள்ள கார்பன் பிரஷ் (சுழலும் பாகத்துக்கு மின்சாரம் கொடுக்கும் கரித்துண்டு) மூடிகளைத் தட்டை ஸ்குரூ டிரைவரால் திருகி எடுங்கள். சில மாடல்களில் வெளிமூடி இருக்காது, பாடியையே பிரிக்க வேண்டிவரும். அப்படியானால் உரிமையாளரைக் கேட்காமல் கை வைக்காதீர்கள். பிரஷ் 5 மி.மீ.க்குக் கீழே போயிருந்தால் அது வருடக்கணக்கான தேய்மானம். நாலு ஓட்டையில் அவ்வளவு தேயாது. செலவு உரிமையாளருடையது.

காற்றுத் துவாரத்தை மோந்து பாருங்கள். வார்னிஷ் கருகிய வாடை வந்தால் காயில் (மோட்டாரின் செப்புக் கம்பிச் சுற்று) போய்விட்டது. ஆர்மேச்சர் (மோட்டாரின் சுழலும் பாகம்) முழுக்க ஒரே சீராகக் கறுத்திருந்தால் ஓவர்லோடு: மழுங்கிய பிட்டை வைத்து அழுத்தியிருப்பார்கள், அல்லது ஹேமர் இல்லாத மெஷினால் கான்கிரீட்டைக் குடைந்திருப்பார்கள். அது இரவல் வாங்கியவர் கணக்கு. கம்யூட்டேட்டரில் (ஆர்மேச்சரில் பிரஷ் உரசும் செப்பு வளையம்) இரண்டு மூன்று செப்புப் பட்டைகள் மட்டும் கருகியிருந்தால் ஒரு சுற்று அறுந்திருக்கும், இல்லை ஷார்ட் ஆகியிருக்கும். பழைய பலவீனம் இப்போது வெளிப்பட்டிருக்கலாம். அங்கே ஆளுக்குப் பாதி.

பதில் 2:
தவறு உங்களுடையதே என்றாலும் புதுசு தரத் தேவையில்லை. எட்டு வருடம் உழைக்கும் என்று இருவரும் ஒத்துக்கொண்டால், ஆறு போக மீதி கால்வாசி மதிப்புதான். அதுவா ரிப்பேர் செலவா, எது குறைவோ அதைக் கொடுங்கள்.

பதில் 3:
பிரஷ் விஷயத்தில் முதல் பதிலோடு ஒத்துப்போக முடியவில்லை. வாடகை வாங்காமல் கொடுத்தவரிடம் போய் "உங்கள் தேய்மானம்" என்பது நியாயமே இல்லை. பிரஷ், பிட் போன்ற சில்லறைச் சாமான்களை இரவல் வாங்கியவரே போடட்டும். காயில், ஆர்மேச்சர் என்று பெரிய செலவு வந்தால் மட்டும் காரணம் பார்க்கலாம்.

கேள்வி கேட்டவர்:
திறந்து பார்த்தாயிற்று. ஒரு பிரஷ் 4 மி.மீ., மற்றது 6. கருகல் வாடை இல்லை. கம்யூட்டேட்டர் சீரான பழுப்பு.

பதில் 1:
சீரான பழுப்பு என்றால் ஆர்மேச்சர் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். தேய்ந்துபோனது பிரஷ்தான். சில்லறைச் செலவு பற்றி மூன்றாமவர் சொன்னதும் சரிதான், நீங்களே போட்டுவிடுங்கள். ஒன்றை மட்டும் மாற்றாமல் ஜோடியாக மாற்றுங்கள். பழையதைக் கையோடு கொண்டுபோய் அதே அகலம், தடிமனில் வாங்குங்கள். பெரிதாக இருந்தால் ஹோல்டரில் சிக்கும், சிறிதாக இருந்தால் ஆடி மறுபடி பொறி பறக்கும். போட்டதும் சுமையில்லாமல் ஐந்து நிமிடம் ஓட்டுங்கள், பிரஷ் முனை கம்யூட்டேட்டரின் வளைவுக்குப் படியும். பழைய பிரஷ் இரண்டையும் தூக்கிப் போடாமல் மெஷினோடு சேர்த்துக் கொடுங்கள், என்ன நடந்தது என்று அவரே பார்த்துக்கொள்வார்.