3215031751 பகா எண்ணா இல்லையா?

கேள்வி:
3215031751 என்ற எண்ணை, ஓர் எண் பகா எண்ணா என்று பார்க்கும் மில்லர்–ராபின் சோதனைக்குக் கொடுத்தால் 2, 3, 5, 7 என நான்கு அடிமானங்களிலும் (சோதனைக்காக அடுக்கு உயர்த்திப் பார்க்கும் எண்கள்) "பகா எண்ணாக இருக்கலாம்" என்றே வருகிறது. ஆனால் 151 ஆல் வகுத்தால் மீதியில்லாமல் வகுபடுகிறது. தப்பு நிரலிலா, சோதனையிலா? 64 பிட் வரை நம்பிப் பயன்படுத்த எந்த அடிமானங்கள் வேண்டும்?

பதில் 1:
நிரல் சரிதான். 2500 கோடிக்குக் கீழே இந்த நான்கையும் சேர்த்து ஏமாற்றும் பகு எண் இது ஒன்றே ஒன்றுதான்.

காரணிகள்: 151 × 751 × 28351. ஒவ்வொன்றிலும் 1 கழித்தால் 150, 750, 28350. மூன்றுமே 3215031750-ஐ மீதியின்றி வகுக்கும். ஆக இது கார்மைக்கேல் எண். அதாவது சார்பகா அடிமானம் (எண்ணுடன் பொதுக் காரணி இல்லாதது) எதை எடுத்தாலும், அதை எண்ணைவிட 1 குறைவான அடுக்குக்கு உயர்த்தி மீதி 1 வருகிறதா என்று பார்க்கும் பெர்மா சோதனைக்கு இது சிக்காது.

மில்லர்–ராபினுக்காவது சிக்க வேண்டுமே என்றால், 3215031750-ஐ இரண்டால் ஒரு தடவைதான் வகுக்க முடிகிறது. 1607515875 ஒற்றை எண். அதனால் அடுத்தடுத்து வர்க்கப்படுத்திப் பார்க்க இடமே இல்லை. அடிமானத்தை அந்த அடுக்குக்கு உயர்த்தி, மீதி +1 அல்லது −1 (அதாவது எண்ணைவிட 1 குறைவு) வருகிறதா என்று ஒருமுறை பார்ப்பதோடு சோதனை முடிகிறது. மேலே சொன்ன வகுத்தலின் ஈவுகள் (21433545, 4286709, 113405) மூன்றும் ஒற்றை. ஆகவே அந்த மீதி, ஒவ்வொரு காரணியைப் பொறுத்தும் அடிமானம் இருபடி எச்சமா (ஏதாவது ஒரு வர்க்கத்தை அந்தக் காரணியால் வகுத்தால் வரும் மீதியா) என்பதை மட்டுமே காட்டுகிறது: ஆம் என்றால் +1, இல்லை என்றால் −1. மூன்றிலும் ஒரே குறி வந்தால் எண் தப்பிவிடும். 2-க்கும் 5-க்கும் மூன்றும் +1. 3-க்கும் 7-க்கும் மூன்றும் −1.

பதில் 2:
இதோடு ஒன்று சேர்க்க வேண்டும். மூன்று குறிகளுக்கு எட்டுச் சேர்க்கைகள்; அவற்றில் இரண்டுதான் ஒத்துப்போகும். சார்பகா அடிமானங்கள் 3189375000. அவற்றில் சரியாகக் கால் பங்கு, அதாவது 797343750, ஏமாறும். பகு எண் ஒன்று இதைவிட அதிகம் ஏமாற்ற முடியாது. ராபின் நிறுவிய வரம்பே கால் பங்குதான்.

11-ஐப் போட்டுப் பாருங்கள். குறிகள் +1, −1, −1. மீதி 2129160099. அதில் 1 கழித்து 3215031751-உடன் மீ.பொ.வ எடுத்தால் 151 கிடைக்கும். 1 கூட்டி எடுத்தால் 21291601, அதாவது 751 × 28351. பகு எண் என்று சொல்வதோடு நிற்காமல் காரணியையும் கையில் கொடுத்துவிடுகிறது. எனக்கு இந்த எண்ணில் மிகவும் பிடித்த இடம் இது.

பதில் 3:
அடிமானங்கள்: 4759123141-க்குக் கீழே 2, 7, 61 போதும், எனவே 32 பிட் முழுவதும் அடங்கிவிடும். 64 பிட்டுக்கு முதல் பன்னிரண்டு பகா எண்கள், 2 முதல் 37 வரை.

பெருக்கலில் கவனம் வேண்டும். இந்த எண்ணின் வர்க்கமே குறியுள்ள 64 பிட்டின் எல்லையான 9223372036854775807-ஐத் தாண்டுகிறது. குறியற்ற வகையில் அடங்கும். இதைவிடப் பெரிய எண்களுக்கு, 4294967296-ஐத் தாண்டியதும், பெருக்கற்பலனை 128 பிட்டில் வைத்துத்தான் மீதி எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் உண்மையான பகா எண்ணையே பகு எண் என்று சொல்லும்.

61 போன்ற சிறிய எண்ணைச் சோதிக்கும்போது அடிமானம் 61 வந்தால் மீதி 0 ஆகி, பகா எண் நிராகரிக்கப்படும். சோதிக்கும் எண்ணால் வகுத்தால் மீதி 0 தரும் அடிமானத்தைத் தாண்டிப் போகும்படி எழுதுங்கள்.