மெக்கார்த்தியின் நடைக்கும் நோக்குக்கும் என்ன சொல்?

அன்புள்ள கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

அமெரிக்க நாவலாசிரியர் கார்மக் மெக்கார்த்தி (1933–2023) பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். இரண்டு இடங்களில் சொல் கிடைக்காமல் நிற்கிறேன். சொற்களைக் குறைத்து எழுதும் அவர் நடைக்கு 'மினிமலிச நடை', நம்பிக்கையற்ற அவர் பார்வைக்குப் 'பெசிமிசப் பார்வை' என்று ஆங்கிலத்தையே போட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை.

முதலில் நடை. 'எளிய நடை' என்றால் பொய்யாகிவிடும். 2005இல் வந்த 'நோ கன்ட்ரி ஃபார் ஓல்ட் மென்' நாவலின் பெட்ரோல் பங்க் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். கொலைகாரன் சிகர் ஒரு நாணயத்தைச் சுண்டிவிட்டுப் பூவா தலையா என்று சொல்லச் சொல்கிறான். பங்க்காரர் பணயம் என்ன என்று கேட்கிறார். அவருடைய உயிர்தான், ஆனால் யாரும் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை. மேற்கோள்குறி கிடையாது. 'நடுங்கியபடி கேட்டார்' போன்ற ஒட்டு எதுவும் கிடையாது. எது யாருடைய பேச்சு என்பதையே நாம்தான் பிடித்துக்கொண்டு போக வேண்டும். இதில் எளிமை எங்கே இருக்கிறது?

நன்னூலின் பத்து அழகில் முதலாவதான 'சுருங்கச் சொல்லல்' நினைவுக்கு வந்தது. அடுத்தே 'விளங்க வைத்தல்' நிற்கிறதே! இவர் விளங்க வைப்பதில்லை. 'தி ரோடு' (2006) நாவலில் உலகம் எதனால் எரிந்தது என்று கடைசிவரை சொல்லவில்லை.

என் பரிந்துரை: செட்டுநடை. கையில் இருப்பவர் அளந்து செலவழிப்பதுதான் செட்டு. இல்லாதவர் பாடு வேறு. 1985இல் வந்த 'பிளட் மெரிடியன்' விவிலிய ஓசையில் சொற்களைக் கொட்டிக் குவித்த நாவல். அதே கைதான் 'தி ரோடு' எழுதியபோது தந்தைக்கும் மகனுக்கும் பெயர்கூட வைக்கவில்லை. 'டோன்ட்', 'கான்ட்' போன்ற ஆங்கிலச் சொற்களின் மேற்குறியான அபாஸ்ட்ரஃபியைக்கூட உதிர்த்துவிட்டது. 'குறைநடை', 'மெலிநடை' எல்லாம் இவரைச் சொல்வளம் இல்லாதவராகக் காட்டும்.

உலகப் பார்வைக்கு 'இருண்மை' வேண்டாம். நம் விமர்சகர்கள் அதைக் கவிதையின் புரியாமைக்குக் கொடுத்துவிட்டார்கள். நம் புறத்திணைகளில் ஒன்றான காஞ்சித்திணையும் பொருந்தவில்லை. அங்கே நிலையாமையைச் சொல்லி, அதனால் அறம் செய் என்று ஓர் அறிவுரையும் வரும். மெக்கார்த்தியிடம் அது கிடையாது. 'நோ கன்ட்ரி ஃபார் ஓல்ட் மென்' கதையைத் தூக்கிச் சுமந்த மாஸ் என்ற பாத்திரம் செத்துப்போவதைக்கூட அவர் காட்சியாக எழுதவில்லை. அதே நாவலின் காவல் அதிகாரியான ஷெரிஃப் பெல் தோற்ற மனத்தோடு ஓய்வு பெறுகிறார். 'இருள்நோக்கு' என்கிறேன். உங்கள் கருத்து?

---

ஐயா, வணக்கம்.

செட்டுநடைக்கு என் முழு ஆதரவு. 'இருள்நோக்கு'தான் உறுத்துகிறது. இருட்டு பார்ப்பவர் கண்ணில் இருப்பதாக அது சொல்லிவிடுகிறது. 'தி ரோடு'வில் தந்தை உடைந்துபோன இயந்திரத்திலிருந்து ஒரு கோக் டப்பாவை எடுத்து மகனிடம் கொடுப்பார். பையன் தனியாகக் குடிக்க மாட்டான், நீங்களும் குடியுங்கள் என்பான். இதை எழுதியவரின் நோக்கு இருண்டது என்று எப்படிச் சொல்வது? ஈரம் இல்லாதது அந்த உலகம். 'ஈரமிலா உலகு' என்று வைக்கலாமே.

---

அம்மா, நீங்கள் சொன்ன காட்சியை நானும் மறக்கவில்லை. நாவலிலேயே எனக்கு மிகப் பிடித்த இடம் அது. ஆனால் 'ஈரமிலா உலகு' வருணனையாகத்தான் நிற்கும். கலைச்சொல் என்றால் அதிலிருந்து வேறு சொற்கள் கிளைக்க வேண்டும். 'இருள்நோக்கர்', 'இருள்நோக்குப் புனைவு' என்று எழுதிப் பாருங்கள், தடங்கலில்லாமல் வருகிறது. சொல்லை வைத்துக்கொண்டு, உங்கள் திருத்தத்தை விளக்கத்தில் சேர்க்கிறேன்:

இருள்நோக்கு: உலகு மனிதர்மேல் ஈரம் அற்றது எனக் காணும் பார்வை. மனிதருக்குள்ளும் ஈரம் இல்லை என்பது இதன் பொருளன்று.

நடை, நோக்கு இரண்டையும் ஒரே சொல்லாக்க வேண்டாம் என்பதில் உறுதியாக இருக்கிறேன். 'பிளட் மெரிடியன்' இருள்நோக்கு உடையது, செட்டுநடை அல்ல. இன்னோர் அமெரிக்க எழுத்தாளரான ஹெமிங்வேயிடம் செட்டுநடை உண்டு. அவருடைய எல்லாக் கதைக்கும் இருள்நோக்கு பொருந்துமா என்பதைக் குழுவில் யாராவது சோதித்துச் சொன்னால் பதிவில் ஏற்றிவிடுகிறேன்.