‘எடை ஏறவில்லை’ என்றவர்களில் குழந்தை பால் குடிப்பதைப் பார்த்தவர் யார்?

செங்காங் அம்மா

மகள் பிறந்தபோது 3.1 கிலோ. மருத்துவமனையிலிருந்து கிளம்பிய அன்று 2.84. முதல் சில நாள்களில் 7 முதல் 10 விழுக்காடு வரை எடை குறைவது இயல்புதான் என்றார்கள். இரண்டு வாரத்திற்குள் பிறந்த எடையைத் தொட்டுவிட வேண்டும் என்றும் சொல்லித்தான் அனுப்பினார்கள். தொடவில்லை. பலதுறை மருந்தகத்தில் நிறுத்துப் பார்த்தபோது 2.93.

அன்று மாலைக்குள் செய்தி இரண்டு குடும்பத்துக்கும் போய்விட்டது. பால்மாவு கொடு என்றார் ஒருவர். பூண்டைச் சுட்டுச் சாப்பிடு என்றார் இன்னொருவர். உனக்குப் பால் நீர்த்துப்போயிருக்கிறது என்று ஊரிலிருந்து காணொளி அழைப்பிலேயே ஓர் அத்தை கண்டுபிடித்தார்! இவர்களில் ஒருவரும் என் மகள் பால் குடிப்பதைப் பார்த்ததில்லை.

பார்த்தவர், மருத்துவர் அனுப்பிவைத்த தாய்ப்பால் ஆலோசகர். சீனப் பெண்மணி, ஐம்பது வயதிருக்கும். எத்தனை முறை கொடுக்கிறாய் என்ற வழக்கமான கேள்வியைக்கூடப் பிறகுதான் கேட்டார். முதலில் குழந்தையை உடுப்போடும் டயப்பரோடும் எடை பார்த்தார். பிறகு, எப்போதும்போல் கொடுங்கள் என்று சொல்லிவிட்டு, குழந்தையின் தாடையையே பார்த்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். முக்கால் மணி நேரம் ஆனது. அதே உடுப்போடு மறுபடி தராசில் போட்டார். 24 கிராம் கூடியிருந்தது. ஒரு கிராமுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிலிட்டர் என்றால், அத்தனை நேரத்தில் உள்ளே போனது அவ்வளவுதான்.

"முதல் ஐந்து நிமிடந்தான் விழுங்கினாள். மற்ற நேரமெல்லாம் சப்பிக்கொண்டே தூங்கினாள்" என்றார். கடிகாரத்தைப் பார்க்காதீர்கள், விழுங்கும் ஓசையைக் கேளுங்கள் என்பதுதான் அவர் சொன்னதிலேயே எனக்குப் பயன்பட்டது. குழந்தையின் முகவாய் முதலில் மார்பில் பட வேண்டும், வாய் நன்றாகத் திறந்த பிறகே அணைக்க வேண்டும், காம்பு மட்டும் உள்ளே போனால் போதாது, சுற்றியுள்ள கருவட்டத்திலும் பெரும்பகுதி போக வேண்டும் என்று கையைப் பிடித்துக் காட்டினார். உறிஞ்சுவது மந்தமானால் மார்பை மெல்ல அழுத்திப் பிடிக்கச் சொன்னார். விழுங்குவது நின்றதும் அடுத்த பக்கம் மாற்ற வேண்டும். குடித்து முடித்ததும் மீதியைக் கறந்து, அதையும் அவளுக்கே புகட்ட வேண்டும்.

புகட்டுவதற்குச் சிறு கிண்ணம் ஒன்றை அவர் எடுத்தார். என் அம்மா கைப்பையிலிருந்து சங்கை எடுத்து நீட்டினார். அந்தப் பெண்மணி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, மூக்கின் வளைவை விரலால் தடவி, படமும் எடுத்துக்கொண்டார். அம்மாவின் முகத்தில் அப்படியொரு பெருமிதம்.

ஒரு மாதம் முடிந்தபோது 3.5 கிலோ. கூடவே நின்று பார்த்துவிட்டுச் சொன்னவர் உங்களுக்கும் கிடைத்தாரா? எழுதுங்கள்.

யீஷூன் பாட்டி

உன் அத்தையை எனக்குத் தெரியாது, ஆனால் அவரைப் போன்றவர்களை நிறையத் தெரியும். என் மருமகள் பிள்ளை பெற்றிருந்தபோது குழந்தையைப் பார்க்க வந்தவர்களில் பாதிப்பேர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே "பால் இருக்கிறதா?" என்று கேட்டார்கள். பெற்றவளை எப்படி இருக்கிறாய் என்று ஒருவரும் கேட்கவில்லை.

பத்தியச் சமையல் என் பொறுப்பு. தேக்கா சந்தையில் பால்சுறா வாங்கிப் புட்டுச் செய்துகொண்டிருந்தேன். சுறாவில் பாதரசம் அதிகம், பாலூட்டும் பெண் அடிக்கடி சாப்பிடக்கூடாது என்று தாதி ஒருவர் சொன்னார். கோபந்தான் வந்தது. என் மாமியார் எனக்குச் செய்து கொடுத்ததை நான் கொடுக்கக்கூடாதா? பிறகு மகனும் அதையே சொன்னான். காரல் மீனில் குழம்பு வைத்தேன், முருங்கைக்கீரை பொரித்தேன். ஒன்றை மட்டும் சொல்கிறேன், தங்கையர் கேட்டுக்கொள்ளுங்கள். சாப்பாடு பெற்றவளுக்குத் தெம்பு தரும். பாலை வரவைப்பது பிள்ளையின் வாய்தான். இது பாதரசம் சொன்ன தாதிக்கு முன்பே என் பாட்டிக்குத் தெரியும்.

இரவுப்பணி அப்பா

எங்கள் பையன் பிறந்தது 2.6 கிலோ. மனைவியும் நானும் பெரிய உருவம் இல்லை. குழந்தையின் சுகாதாரக் கையேட்டிலிருக்கும் எடை வளைகோடுகளில் அடியிலிருந்து எண்ணினால் முதல் கோட்டை ஒட்டியே போகிறான். என்னோடு வேலை செய்பவரின் மகன் அதே வாரத்தில் பிறந்தவன், எட்டுக் கிலோவை நெருங்கிவிட்டான். அந்த வளைகோட்டுப் படத்தைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் மனைவி அழுவார்.

எங்களுக்குக் கிடைத்தவர் குழந்தை மருத்துவர். அவரும் பால் கொடுக்கச் சொல்லிப் பார்த்தார், குறை எதுவும் இல்லை. பிறகு கையேட்டில் விரலை வைத்து விளக்கினார். எந்தக் கோட்டில் இருக்கிறான் என்பதைவிடக் கோட்டை விட்டு இறங்குகிறானா என்பதே கேள்வியாம். உலகச் சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட வளர்ச்சி அளவுகள் தாய்ப்பால் குடித்து வளர்ந்த குழந்தைகளை வைத்தே உருவானவையாம். பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமான், அமெரிக்கா என்று ஆறு நாட்டுக் குழந்தைகள். அதற்கு முந்திய வரைபடங்களில் புட்டிப்பால் குடித்தவர்கள் நிறைய இருந்ததால், மூன்று நான்கு மாதத்துக்குப் பிறகு வேகம் குறையும் தாய்ப்பால் குழந்தைகள் மெலிந்தவர்களாகத் தெரிந்தார்களாம். தஞ்சாவூர் மாமியாரிடம் இதை அப்படியே சொன்னேன். "நார்வேக்காரன் பிள்ளை என்ன குடித்தால் எனக்கென்ன, என் பேரன் எலும்பாக இருக்கிறான்" என்றார். அங்கே என் ஆராய்ச்சி எடுபடவில்லை.

தெம்பனிஸ் தோழி

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், யாரும் வருந்த வேண்டாம். எனக்கு வாய்த்த முதல் ஆலோசகரும் நின்று பார்த்தவர்தான். பிடிப்பு நன்றாக இருக்கிறது, பால்மாவைத் தொடவே தொடாதீர்கள், இன்னும் அடிக்கடி கொடுங்கள், வந்துவிடும் என்றார். வரவில்லை. மகன் நாளுக்கு நாள் சோர்ந்தான், டயப்பர் நனைவது குறைந்தது, அழுகைகூட ஓய்ந்துவிட்டது. அமைதியான பிள்ளை என்று பக்கத்து வீட்டில் பாராட்டினார்கள். உடலில் நீர் வற்றி மருத்துவமனையில் சேர்க்க வேண்டியதாயிற்று.

அங்கே பார்த்த இன்னொரு ஆலோசகர் என் மார்பைப் பார்ப்பதோடு நிறுத்தாமல் என் இரத்தத்தையும் பரிசோதிக்கச் சொன்னார். தைராய்டு சுரப்பு குறைவு. அதுவும் பாலைக் குறைக்குமாம். மாத்திரை தொடங்கினோம், தாய்ப்பாலுக்குப் பிறகு அளந்து பால்மாவு கொடுத்தோம். என் பால் ஓரளவு கூடியது, முழுதாகக் கூடவில்லை. பால்மாவு தந்தது என் பிள்ளைக்கு உயிர். அதை இழுக்குப் போலப் பேசுபவர்களிடம் எனக்குப் பொறுமை இல்லை.

ஓய்வுபெற்ற தாதி

தெம்பனிஸ் தோழி எழுதியதை எல்லாரும் இரண்டு முறை படியுங்கள். அமைதியாகக் கிடக்கும் பச்சைக் குழந்தை எப்போதும் நல்ல குழந்தை அல்ல. பால் குடிக்க எழுப்பியும் எழாவிட்டால், ஐந்தாம் நாளுக்குப் பிறகும் ஒரு நாளில் ஆறு டயப்பர் நனையாவிட்டால், சிறுநீர் அடர்நிறமாக இருந்தால், அடுத்த சந்திப்பு நாள் வரை காத்திருக்காதீர்கள், அன்றே கொண்டுபோங்கள்.

முதல் மூன்று மாதத்தில் நாளுக்கு 20 முதல் 30 கிராம் வரை கூடினால் போதும். 24 மணி நேரத்தில் எட்டு முதல் பன்னிரண்டு முறை குடிப்பது வழக்கம். ஆறு மாதம் வரை தண்ணீர் வேண்டாம். நம் ஊர் வெயிலுக்கும் பாலிலுள்ள நீரே போதும். தண்ணீர் வயிற்றை நிரப்புமே தவிர எடையை ஏற்றாது, இரத்தத்தில் உப்பைக் குறைத்து வலிப்பில்கூடக் கொண்டுபோய் விடும்.

பால்மாவைப் பற்றி ஒரு பழைய செய்தி. மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ் 1939இல் இதே சிங்கப்பூரில் ரோட்டரி சங்கத்தார் முன் பேசினார். உரைக்கு அவர் வைத்த பெயர் ‘பாலும் கொலையும்’. இனிப்பூட்டிய கெட்டிப்பாலைக் குழந்தைக்கு ஏற்றது என்று விற்ற காலம் அது. அவர் எதிர்த்தது அந்த விற்பனையை. மருத்துவர் சொல்லி அளந்து கொடுக்கும் பால்மாவோடு அதைச் சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

செங்காங் அம்மா

தோழி, மகன் இப்போது நன்றாக இருக்கிறான் என்று நம்புகிறேன். தைராய்டு பற்றி என்னிடம் ஒருவரும் சொன்னதில்லை. அடுத்த சந்திப்பில் கேட்கிறேன். தாதி அம்மா, வீட்டில் ஒரு குழந்தைத் தராசு வாங்கிவிட்டோம். தினமும் எடை பார்க்கலாமா?

ஓய்வுபெற்ற தாதி

வேண்டாம். ஒரு முறை மலம் கழித்தாலே முள் மாறிவிடும், உங்களுக்குத் தூக்கமும் போய்விடும். வாரம் ஒரு முறை போதும். அதே தராசு, அதே நேரம், டயப்பர்கூட இல்லாமல்.

செங்காங் அம்மா

என் கணவர் காலை, மாலை என்று அட்டவணையே போட்டுவிட்டார். அப்படியானால் தராசை விற்றுவிடுகிறேன். யாருக்காவது வேண்டுமா? எம்ஆர்டி நிலையத்தில் வந்து தருகிறேன்.

இரவுப்பணி அப்பா

தயவுசெய்து என் மனைவியிடம் மட்டும் விற்றுவிடாதீர்கள்.